தண்ணீர் நடக்கும் கரை

மேலச்செவலைத் தாண்டிப் பாளையங்கால்வாயின் கரையோடு ஓடிக்கொண்டிருந்தேன். காலை ஐந்தரை மணி இருக்கும். மடையடியில் மண்வெட்டியோடு நின்றிருந்த பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன தம்பி, காலங்காத்தால இப்படி ஓடுதிய? வீட்டுல யாருக்கும் முடியலையா?"

"அதெல்லாம் இல்லய்யா. சும்மாதான். உடம்புக்கு."

"சும்மாவா!" என்று என் ஷூவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சமாதானமாகி, "இந்தக் கரையில ஓடுனா அவ்வளவா இளைக்காது. மேடு பள்ளம் கெடையாதுல்லா" என்றார்.

பல மாதமாக அந்தக் கரையில் ஓடுகிறேன். காற்று நல்லது, வண்டி வராது, நாய்கள் குறைவு என்று எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் காரணத்தை ஒரே வரியில் அவர் சொல்லிவிட்டார். தார்ச்சாலையில் பத்து கிலோமீட்டர் ஓடினால் பாலம், மேடு, வேகத்தடை என்று ஏறி இறங்கியே தீரவேண்டும். கால்வாய்க் கரையில் அது கிடையாது. கைப்பேசிச் செயலி சில நாள் இருபது மீட்டர் ஏறினேன் என்று காட்டும். அது ஜிபிஎஸ் சொல்லும் பொய். இடத்தைக் காட்டுவதில் கெட்டிக்காரனான ஜிபிஎஸ், உயரத்தில் தடுமாறும். தண்ணீர் பொய் சொல்லாது. என் பக்கத்தில் அது மெதுவாகக் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது என்றால், நான் நிற்கும் கரையும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் சாய்ந்திருக்கிறது.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்னது ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிந்து 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. பாளையங்கால்வாய் பழவூர் அணைக்கட்டில் புறப்பட்டு மேலச்செவல், தருவை, முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் வழியாகப் பாளையங்கோட்டைக்கு வருகிறது. மொத்த நீளம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மாரத்தான் தூரத்துக்குப் பக்கம்.

இந்தக் கால்வாய்களின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: ஆற்றைவிட மெதுவாகக் கீழே இறங்குவது. ஒரு கணக்குக்காக, ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது என்றும், அதிலிருந்து பிரியும் கால்வாய் 30 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பத்து கிலோமீட்டர் போனபின் கால்வாய் ஆற்றைவிட ஏழு மீட்டர் உயரத்தில் இருக்கும். கால்வாய் மேலே ஏறவில்லை. ஆறுதான் கீழே போய்விட்டது. அந்த ஏழு மீட்டருக்கு இடையில் கிடக்கும் நிலம் முழுக்க, மோட்டார் இல்லாமல், மடையைத் திறந்தாலே நனையும். கிழக்கே பார்த்து ஓடினால் இது கண்ணுக்குத் தெரியும். இடது கைப்பக்கம், ஆற்றை நோக்கிச் சரியும் நிலம், வயலும் வாழையுமாக நஞ்சை. வலது கைப்பக்கம், கால்வாயைவிட ஒரு முழமாவது உயர்ந்த நிலம், பனையும் உடையும் நிற்கும் புஞ்சை. நஞ்சைக்கும் புஞ்சைக்கும் நடுவே கிழித்த கோட்டில் நான் ஓடுகிறேன்.

அந்தக் கோட்டை முதலில் யார் கிழித்தார்கள்? கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு கதை உண்டு. சேரநாட்டு அரசன் ஒருவன் தன் நோயை எள்ளால் செய்த ஒரு பொம்மைக்கு மாற்றி, பொன்னோடு அதைத் தானம் கொடுக்க முன்வந்தான். யாரும் வாங்கத் துணியாதபோது, கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி வாங்கிக்கொண்டான். அந்தப் பொருளை என்ன செய்வது என்று அகத்தியரிடம் கேட்டான். ஒரு பசுவின் பின்னால் போ என்றாராம் அகத்தியர். அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் தோண்டு. கால்வாய் கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று வளைந்து வளைந்து போவது அந்தப் பசு நடந்த தடம் என்பார்கள்.

கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பொதிகை அடிவாரத்தில் மாடுகள் மேயும் சரிவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாட்டுத்தடம் சரிவில் நேராக மேலே ஏறாது. பக்கவாட்டில், ஒரே உயரத்தில், சரிவைச் சுற்றிக்கொண்டு போகும். ஏறுவது செலவு, இறங்குவதும் காலுக்குச் சிரமம், அதனால் மட்டத்தைப் பிடித்து நடப்பதுதான் மாட்டுக்கு லாபம். உலகம் முழுக்க மேய்ச்சல் சரிவுகளில் படிக்கட்டுப்போல அடுக்கடுக்காகத் தெரியும் மாட்டுத்தடங்களைப் புவியியலாளர்கள் படித்திருக்கிறார்கள். நில அளவையில் சம உயரக்கோடு என்று வரைவதைத்தான் மாடு குளம்பால் வரைகிறது. ஆகவே, பசுவைப் பின்தொடர்ந்தால் கால்வாய்ப் பாதை கிடைக்கும் என்று சொன்னவர், மாட்டையும் தண்ணீரையும் ஒருசேரக் கவனித்தவராகத்தான் இருக்கவேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கதையோடு சண்டை. கிலோமீட்டருக்கு ஒரு அடிச் சாய்வு என்பது எந்தப் பசுவின் காலுக்கும் தெரியாது. மனிதக் கண்ணுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத் தண்ணீரைத்தான் கேட்கவேண்டும். கொஞ்சம் வெட்டி, தண்ணீரை வரவிட்டு, தேங்குகிறதா நகர்கிறதா என்று பார்த்து, மறுபடி வெட்டுவது. ஊரில் ஒரு வயலுக்கு வரப்பு வெட்டுகிறவர் இன்றும் அப்படித்தான் செய்கிறார். தண்ணீரைவிட நல்ல மட்டப்பலகை கிடையாது.

சாய்வு கூடினால் என்ன கெட்டுப்போகும் என்று பெரியவரிடமே கேட்டேன். "தண்ணி ஓடக்கூடாது தம்பி. நடக்கணும். ஓடவிட்டா கரையத் தின்னுரும். நிக்கவிட்டா மண்ணப் போட்டுரும்."

இதைக் கணக்காக எழுத 18ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் வேண்டியிருந்தது. இவெட் ஆற்றிலிருந்து பாரிஸ் நகருக்கு ஒரு கால்வாய் வெட்டலாமா என்று ஆராய்ந்த பொறியாளர் அந்துவான் ஷெஸி, வாய்க்காலில் தண்ணீரின் வேகத்துக்கு ஒரு சூத்திரம் கண்டார். வேகம் சாய்வின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து கூடும். அதாவது சாய்வை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகும். கூடவே, தண்ணீரின் ஆழமும், படுகையும் கரையும் எவ்வளவு சொரசொரப்பு என்பதும் கணக்கில் வரும். பெரியவர் சொன்ன இரண்டாம் பாதி, தின்னவும் கூடாது போடவும் கூடாது என்ற நடுவேகம், 1895இல் பஞ்சாபில் எழுதப்பட்டது. மேல் பாரி துவாப் கால்வாயில் வேலை பார்த்த ஆர்.ஜி. கென்னடி, வண்டல் படியாமலும் கரை அரிக்காமலும் இருக்கும் வேகம் ஆழத்தைப் பொறுத்து மாறுகிறது என்று அளந்து சொன்னார். மண்கால்வாய்க்கு அது பொதுவாக விநாடிக்கு முக்கால் மீட்டரைச் சுற்றி வரும். மனித நடையைவிட மெதுவு.

அன்றைக்கே சோதித்துப் பார்த்தேன். கரையில் முப்பது மீட்டர் அளந்து, ஒரு மருத இலையைத் தண்ணீரில் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 45 விநாடி. விநாடிக்கு 67 சென்டிமீட்டர். மேல்மட்டத் தண்ணீர் எப்போதும் அடித்தண்ணீரைவிட வேகம். சராசரிக்கு அதில் 85 சதவீதம் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர். நான் மணிக்கு ஒன்பது ஓடுகிறேன். பழவூரில் புறப்படும் தண்ணீர் கால்வாயின் கடைசிவரை இதே நடையில் போனால், கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகும்.

நெல்லையில் பசு என்றால் பிரான்சில் குதிரை. தென் பிரான்சில் துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் மிதி கால்வாய் 240 கிலோமீட்டர் நீளம். உப்பு வரி வசூலித்து வந்த பியர் போல் ரிகே 1666இல் அனுமதி வாங்கி வேலையை ஆரம்பித்தார். 1681இல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்திய ஆண்டுதான் இறந்திருந்தார். அது பாசனத்துக்கு வெட்டியதல்ல, படகு போக வெட்டியது. படகைக் கரையிலிருந்து குதிரை கயிறு கட்டி இழுக்கும். அதற்காகக் கரை நெடுக ஒரு பாதை. குதிரைகளும் சரக்குப் படகுகளும் போன பின்னும் அந்தப் பாதை இருக்கிறது. இன்று சைக்கிள்காரர்களும் ஓடுகிறவர்களும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அதில் போகிறார்கள்.

நம் கால்வாயும் அதுவும் ஒன்று போலத் தெரியும். உள்ளே நேர் எதிர். நம்முடையதில் தண்ணீர் போயாக வேண்டும், அதனால் விடாமல் மெல்லச் சாய்ந்துகொண்டே இருக்கும். அவர்களுடையதில் தண்ணீர் நிற்கவேண்டும், அதனால் மட்டமாக இருந்து, முடியாத இடத்தில் பூட்டுமதகு கட்டிப் படி இறங்கும். பெசியே ஊருக்கு மேற்கே ஒரு பூட்டுமதகுகூட இல்லாமல் சுமார் 54 கிலோமீட்டர் ஒரே மட்டத்தில் கிடக்கிறது. மலைச்சரிவை அணைத்துக்கொண்டு வளைந்து வளைந்து போவதால் கிடைத்த மட்டம். அந்தக் கரையில் ஓடுகிறவர் ஒரு மாரத்தானுக்கு மேல் ஓடியும் ஓர் அங்குலம் ஏறியிருக்கமாட்டார். கரையிலிருந்த 42,000 பிளேன் மரங்கள் நிழல் தந்தன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் வந்து, மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி எரிக்கவேண்டியதாயிற்று. ஒரே சாதி மரத்தை நெடுக நட்டால் வரும் வினை. நம் கரைகளில் மருது, இலுப்பை, நாவல், ஆல், பனை என்று யாரும் திட்டம் போடாமல் கலந்து நிற்பதை நினைத்துக்கொண்டேன்.

இனி உடம்புக்கு வருவோம். சமதரையில் ஓட ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது என்பதுதான் ஆச்சரியம். 60 கிலோ ஆள் பத்து கிலோமீட்டர் ஓடினால் 600 கிலோகலோரி. கால்வாயின் போக்குக்கு எதிராக மேற்கே ஓடி, அந்தப் பத்து கிலோமீட்டரில் மூன்று மீட்டர் ஏறினால் கூடுதலாக எவ்வளவு? தசையின் திறன் நாலில் ஒரு பங்கு என்று வைத்துப் பெருக்கினால் இரண்டு கிலோகலோரிகூட வராது. ஒரு நிலக்கடலைப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு. அதே ஆள் கிலோமீட்டருக்கு 50 மீட்டர் ஏறும் மலைப்பாதையில் ஓடினால் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். பெரியவர் சொன்ன இளைக்காமைக்கு இதுதான் கணக்கு.

பாதத்துக்கும் கரை தோது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையில் இறங்குகிறது. பத்து கிலோமீட்டரில் சுமார் பத்தாயிரம் தடவை. கால் ஒரு சுருள்வில் மாதிரி வேலை செய்கிறது. ஹார்வர்டில் தாமஸ் மக்மேகனும் பீட்டர் கிரீனும் 1970களில் இதை வைத்தே சற்று நெகிழும் ஓடுதளம் ஒன்றை வடிவமைத்தார்கள். ஓட்ட நேரம் இரண்டு மூன்று சதவீதம் குறைந்தது. 1990களில் பெர்க்லியில் டேனியல் ஃபெர்ரிஸும் கிளேர் ஃபார்லியும் இன்னொன்றைக் கண்டார்கள்: தரை மிருதுவானால் கால் தன் விறைப்பைக் கூட்டிக்கொள்கிறது, தரை கெட்டியானால் குறைத்துக்கொள்கிறது. புதுத் தரையில் வைக்கும் முதல் அடியிலேயே இது நடந்துவிடுகிறது. மண்கரையில் ஓடி வந்து மடைக்கு மேலே போட்ட சிமெண்டுப் பலகையில் ஏறி, மூன்றே எட்டில் மறுபடி மண்ணில் இறங்கும்போது, எனக்குத் தெரியாமலே என் முழங்கால் இரண்டு தடவை கணக்குப் போட்டிருக்கிறது. வெறுங்காலோடு ஓடுவதுதான் இயற்கை என்று வாதிடும் நண்பர் ஒருவரை இந்தக் கரைக்கு ஒருநாள் அழைத்துவந்தேன். சீமைக் கருவேல முள் ஒன்று வாதத்தை முடித்துவைத்தது.

தண்ணீர்க்கரையில் ஓடினால் உடம்பு குளிரும் என்பது பாதி உண்மை. அந்த 600 கிலோகலோரியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். ஆவியானால்தான். சொட்டினால் இல்லை. சட்டையைப் பிழிகிற அளவு வேர்வை வடிந்தது என்று பெருமைப்படுகிறவர்கள், வேர்வை தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் சொல்கிறார்கள். விடிவதற்கு முன் காற்று குளிர்ந்திருக்கும், அதே நேரம் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். கால்வாயும் தண்ணீர் கட்டிய வயலும் அதை இன்னும் கூட்டும். ஆகவே கால்வாய்க் கரையில் காலையில் சுகமாக இருப்பதற்குக் காரணம் ஆவியாதல் மட்டுமில்லை. நிழல், குறைந்த வெப்பம், வெயிலில் காயாத மண், இவைதான் அதிகம்.

மார்கழியில் சில நாள் கால்வாயில் புகை எழும்பும். தண்ணீர் இரவில் மெதுவாகத்தான் சூட்டை விடுகிறது. மேலே நிற்கும் காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து கிளம்பும் ஈரம் குளிர்ந்த காற்றில் பட்டதும் நுண்துளியாகிறது. இட்லிக்கொப்பரை மூடியைத் திறந்தால் நடப்பதுதான். வயல்பக்கம் கிடக்கும் பனி வேறு: இரவில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தங்கி உண்டாவது. கரையில் ஓடும்போது இடுப்புக்குக் கீழே குளிரும் முகத்தில் சற்று வெப்பமும் படுவதுண்டு.

ஆனி ஆடியில் கதை வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வந்து மோதும். குற்றாலத்தில் சாரல், நெல்லைக்கு வெறும் காற்று. மலையில் பெய்யும் அந்த மழைதான் ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீராக வருகிறது. ஊரில் ஒரு துளி விழாமல் கால்வாய் நிறைந்து போகும். காற்றின் எதிர்ப்பு, அதன் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். மணிக்கு 9 கிலோமீட்டரில் ஓடுகிற என்மேல் 27 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், என் உடம்பு 36 கிலோமீட்டர் காற்றைச் சந்திக்கிறது. காற்றில்லா நாளைப்போல 16 மடங்கு தள்ளு. அதனால் அந்த மாதங்களில் முதலில் பொதிகையைப் பார்த்து மேற்கே ஓடுவேன், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். அதிலும் ஒரு சங்கடம். காற்று என் வேகத்திலேயே பின்னால் வந்தால், உடம்பைச் சுற்றிக் காற்றே அசையாது. போகும்போது வராத வேர்வையெல்லாம் வரும்போது கொட்டும்.

மனதுக்கும் நல்லது என்கிறார்கள். 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மனும் கூட்டாளிகளும் 38 பேரை ஒரு மரத்தோட்டத்திலும் ஒரு நகரச் சாலையிலும் தனித்தனி நாளில் நடக்கவிட்டு, எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். மரத்தோட்டத்தில் நடந்த நாளில் நன்றாகச் சொன்னார்கள். 38 பேர் குறைவுதான். இதை வைத்து ஊரைத் திருத்திவிட முடியாது. ஆனால் லாரி ஹாரனுக்கு ஒதுங்கும் மூளையும் மீன்கொத்தியை வேடிக்கை பார்க்கும் மூளையும் ஒரே அளவில் களைக்காது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த மீன்கொத்தி, வெண்மார்பு மீன்கொத்தி, கூடு கட்டுவது மரத்தில் இல்லை. மண்கரையில் நீளமாகப் பொந்து குடைந்து உள்ளே முட்டையிடும். பஞ்சுருட்டானும் அப்படியே. கரைக்கு சிமெண்டுப் பூச்சு போட்டால் கசிவு குறையும், தண்ணீர் கடைமடைக்குச் சீக்கிரம் போகும். விவசாயி கேட்பதில் தவறில்லை. பொந்து குடைய மட்டும் இடமிருக்காது, பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றும் குறையும்.

மேலப்பாளையம் நெருங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் ஊர் வந்துவிட்டது என்று மூக்கு சொல்லும். சாக்கடை கலந்த தண்ணீரில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத கூட்டம் வேலையைத் தொடங்கி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகிறது. சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு உரம். அது தண்ணீர் தெரியாமல் மூடிக்கொள்கிறது. ஷெஸியின் சூத்திரத்தில் சொரசொரப்பு என்று வந்தது இங்கே செடியாக நிற்கிறது: வேர்கள் இழுத்துப் பிடிக்க, நடந்த தண்ணீர் தவழ்கிறது, வண்டல் படிகிறது, மழை வந்தால் கரை மேலே வழிகிறது. நான் முன்னீர்பள்ளத்தோடு திரும்பிவிடுவேன்.

அன்றைக்குத் திரும்பி வந்தபோது பெரியவர் மடையை அடைத்துக்கொண்டிருந்தார். வைக்கோலும் மண்ணும் வைத்து மிதித்தார். பலகைக்கு அடியில் சலசலத்த சத்தம் நின்றது. ஒரு நிமிடத்தில் கால்வாயில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறி, கல்லில் இருந்த பழைய ஈரக்கோட்டைத் தொட்டது.

மேலச்செவலிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கால்வாய் வழியாக இருபது கிலோமீட்டர் சொச்சம். சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு வேறு வேலையாகப் பாளையங்கோட்டைக் கால்வாய்ப் பாலத்தில் போனவன், வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்த்தேன். காலையில் என் பக்கத்தில் நடந்த தண்ணீர் கணக்குப்படி இப்போது இங்கே இருக்கவேண்டும். ஆகாயத்தாமரைதான் தெரிந்தது. ஒரு கொக்கு அதன்மேல் நின்றுகொண்டிருந்தது, கால் நனையாமல்.